கண்ணாடி மூக்கு

ரஷ்யா போய் வந்தேன் என்றதும் ஆபீஸில் கேட்ட முதல் கேள்வி, "வோட்கா எப்படி ஸார்?" இரண்டாவது கேள்வியை இங்கே எழுத எடிட்டர் விடமாட்டார். அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நண்பர் ஒருவர் மட்டும்தான், "அங்கே என்னய்யா பார்த்தே?" என்று கொஞ்சம் அக்கறையாகக் கேட்டார்.

"ஒரு பழைய ஏரோப்ளேனோட மூக்குக்குள்ளே உட்கார்ந்துட்டு வந்தேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வவுச்சருக்குத் திரும்பிவிட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஜூன். உலகக் கோப்பைக் கால்பந்து. மேட்ச் டிக்கெட் இருந்தால் விசா வேண்டாம், 'ரசிகர் அட்டை' போதும் என்று அறிவித்திருந்தார்கள். பி.எஃப். லோனை வீட்டில் வேறு காரணம் சொல்லி எடுத்து (மொட்டை மாடித் தளம் ஒழுகுகிறது. இன்றும் ஒழுகுகிறது), வோல்கா நதிக்கரையில் உள்ள சமாராவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜூன் 25-ம் தேதி உருகுவே-ரஷ்யா மேட்ச். உருகுவே 3, ரஷ்யா 0. அன்று மாலை சமாரா தெருக்களில் நடந்தபோது, பக்கத்து வீட்டில் துக்கம் நடக்கும்போது டி.வி. போட்டுக்கொண்டிருக்கிறவன் மாதிரி சங்கடமாக இருந்தது. எனக்கு அடுத்த டிக்கெட் 28-ம் தேதி, செனகல்-கொலம்பியா. நடுவில் இரண்டு நாள் சும்மா.

அப்போதுதான் உல்யனோவ்ஸ்க் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரத்துச் சொச்சம். லெனின் 1870-ல் பிறந்த ஊர். அன்றைய பெயர் சிம்பிர்ஸ்க். அவருடைய குடும்பப் பெயரான உல்யானோவை வைத்து 1924-ல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். 1917-ல் லெனின் கவிழ்த்தாரே கெரென்ஸ்கி, அவரும் இதே ஊர்தான். அவருடைய அப்பாதான் லெனின் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டர் பையனின் நாற்காலியைப் பறித்த முதல் மாணவன் அநேகமாக லெனினாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நான் போனது லெனினுக்காக இல்லை. என் பெரியப்பாவுக்காக.

பெரியப்பா ஏர்ஃபோர்ஸில் ஏர்மேனாக இருந்தவர். லீவில் ஊருக்கு வந்தால் டிரங்குப் பெட்டி, மிலிட்டரி கேன்டீன் சோப்பு, இவற்றோடு விமானக் கதைகளும் வரும். அவர் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் விமானம் 'டியு-124'. நம்முடைய விமானப்படை, பிரதமர் போன்ற முக்கியஸ்தர்களை ஏற்றிச் செல்வதற்காக 1966-ல் ரஷ்யாவிடம் வாங்கியது. 1977 நவம்பர் 4-ம் தேதி இரவு, பிரதமர் மொரார்ஜி தேசாய் போன டியு-124, அஸ்ஸாமில் ஜோர்ஹாட் பக்கத்தில் வயலில் விழுந்தது. 81 வயது மொரார்ஜி தப்பித்தார். முன்புறம் இருந்த விமானப்படை ஊழியர்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரியப்பா இந்தக் கதையை எப்போது சொன்னாலும் மொரார்ஜியைப் பற்றிப் பேசவே மாட்டார். "முன்னாடி இருந்தவங்கடா... முன்னாடி இருந்தவங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த விமானத்தை நேரில் பார்க்கலாமே என்றுதான் கிளம்பினேன். உல்யனோவ்ஸ்க் விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில், சிவில் விமானங்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. ஊரிலிருந்து 'மார்ஷ்ரூத்கா' என்கிற வேனில் போக வேண்டும். நம்மூர் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன். இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் அது கைமாறிக் கைமாறி டிரைவருக்குப் போய், மிச்சம் அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு ரூபிள்கூடக் குறையவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

மைதானத்தில் புல் முழங்கால் உயரம். அதற்கு நடுவே விமானங்கள், மேய விட்ட மாடுகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கூட்டமெல்லாம் டியு-144 பக்கம். ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம், கான்கார்டுக்குப் போட்டி. பெண்கள் அதன் மூக்கடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். டியு-124 பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி நின்றது டியு-134. அதன் எதிரே ஒரு கிழவர், பக்கத்தில் இருபது வயதுப் பையன்.

கிழவரை ஏன் கவனித்தேன் என்றால், அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. அதன் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மூக்கு விசேஷமானதுதான். பயணிகள் விமானத்துக்கு மூக்கு மொழுக்கென்று இருக்கும் அல்லவா? இதற்கு மூக்கு நுனியில் கண்ணாடி. ஜன்னல் ஜன்னலாகக் கட்டம் போட்ட கண்ணாடிக் கூண்டு. பெரியப்பா சொன்ன டியு-124-க்கும் அதே. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பையனுக்கு இங்கிலீஷ் தெரிந்தது. கேட்டேன். அவன் கிழவரிடம் திரும்பி, "தேதா!" என்றான். ரஷ்ய மொழியில் தாத்தாவைச் செல்லமாகக் கூப்பிடுவது. தேதா, தாத்தா... இதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

தேதா நெஞ்சில் கையை வைத்து, ஒரு வார்த்தை சொன்னார். "ஷ்தூர்மன்."

நாவிகேட்டர். அந்தக் கண்ணாடி மூக்குக்குள் உட்கார்ந்து வழி சொல்கிறவர். பதினெட்டு வருஷம் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம்.

இந்த மூக்கின் வம்சாவளி கொஞ்சம் பயங்கரமானது. ஐம்பதுகளில் ரஷ்யா கட்டிய குண்டு வீசும் விமானம் டியு-16. அதன் முன்புறம் கண்ணாடி. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வழியும் தெரிய வேண்டும், குண்டு போடும் இடமும் தெரிய வேண்டும். அந்த இறக்கைகளையும் அந்த மூக்கையும் வைத்துக்கொண்டு, வயிற்றை மட்டும் அகலமாக்கி ஸீட் போட்டால் டியு-104. 1956-ல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது. அப்போது பிரிட்டனின் காமெட் விபத்துக்களால் முடங்கிக் கிடந்ததால், உலகத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரே ஜெட் பயணிகள் விமானம் இதுதான். அதைச் சின்னதாக்கினால் டியு-124. அதை மாற்றிக் கட்டினால் டியு-134. தாத்தா குண்டு போட்டவர், பேரன் கல்யாணக் கோஷ்டியை ஏற்றுகிறவன். மூக்கு மட்டும் தாத்தா மூக்கு.

டியு-124-ஐ மாற்றிக் கட்டியதற்குக் காரணம் சத்தம். 1960-ல் குருஷேவ் பிரான்சுக்குப் போனபோது அவரைக் காரவெல் என்ற விமானத்தில் ஏற்றினார்கள். இன்ஜின் இரண்டும் வால் பக்கம். உள்ளே அமைதியோ அமைதி. நம்முடைய விமானங்களில் மட்டும் பல்லெல்லாம் ஆடுகிறதே என்று அவருக்கு ரோஷம். ஊர் திரும்பியதும் டுபலேவிடம் சொன்னார். டுபலேவ் என்ன, முடியாது என்றா சொல்வார்? 1937-ல் ஸ்டாலின் பிடித்து உள்ளே போட்டபோது, சிறைக்குள் உட்கார்ந்தே விமானத்துக்குப் படம் வரைந்த மனுஷன். இறக்கையின் அடிவாரத்தில் இருந்த இன்ஜின்களைப் பிடுங்கி வாலில் மாட்டினார்கள். 1963 ஜூலை 29-ல் முதல் முறையாகப் பறந்தது. 1967 செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து கருங்கடல் ஓரத்து ஆட்லருக்கு, விடுமுறைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. உக்ரைனில் கார்கிவ் நகரத்துத் தொழிற்சாலையில் 850-க்கும் மேல் கட்டினார்கள். (அன்றைக்கு ஒரே நாடு. 2022-க்குப் பிறகு அதே கார்கிவ் மீது ரஷ்யக் குண்டுகள் விழுந்தன.) கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி, போலந்து, பல்கேரியா, வியட்நாம் எல்லாமே வாங்கின.

உள்ளே இருந்தவனுக்கு அமைதி கிடைத்தது. வெளியே? ரஷ்யர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்விஸ்தோக்'. விசில்! ஏர்போர்ட் பக்கத்தில் வீடு வைத்திருந்தவன் கதி அதோகதி. கடைசியில் 2002 ஏப்ரலில், சத்தம் அதிகம் போடும் பழைய ஜெட்களுக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டபோது, இதுவும் அதில் மாட்டிக்கொண்டது. சத்தம் வேண்டாம் என்று பிறந்த விமானம் சத்தத்துக்காகவே விரட்டப்பட்டது. நம் ஜாதகக்காரர்களிடம் கேட்டால் பிறந்த நேரம் என்பார்கள்.

தேதாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். முன்னிரண்டு பற்கள் தங்கம்.

"எங்க ரன்வேயெல்லாம் நீ பார்த்திருக்கணும்" என்றார் (பையன் வழியாக). சின்ன ஊர்கள், குட்டை ரன்வேக்கள், பனி. ஆரம்பகால டியு-134-களுக்கு இன்ஜினைத் திருப்பி உந்தி நிறுத்தும் வசதி கிடையாது. வாலிலிருந்து குடை மாதிரி பாரசூட்டை விரித்து நிறுத்த வேண்டும். இறங்கியதும் அதைச் சுருட்டி மடிப்பது யார் என்று கேட்டேன். "உன்னை மாதிரிக் கேள்வி கேட்கிறவன்" என்றார்.

நாவிகேட்டர் வேலை என்றால் என்ன? மடியில் மேப், கையில் ஸ்லைடு ரூல், எதிரே கண்ணாடி. கீழே ஆறு தெரியும், ரயில் பாதை தெரியும். ரேடியோ வழிகாட்டி இல்லாத சைபீரியப் பக்கங்களில் அதுவே பெரிய உதவி. காற்று எவ்வளவு தள்ளுகிறது, எந்த நிமிஷத்தில் எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பைலட்டுகள் மேலே, பின்னால். விமானத்தில் எல்லாருக்கும் முன்னால் இருக்கிற ஆள் இவர்தான். எந்த ஊருக்கும் விமானத்தைவிட ஒரு நொடி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிற ஆள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பெரியப்பாவின் வெற்றிலை ஞாபகம் வந்தது. முன்னாடி இருந்தவங்க.

ஜோர்ஹாட் கதையை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்து பேர் என்றதும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பதிலுக்கு ஒரு நல்ல கதை சொன்னார். 1963-ல் ஒரு டியு-124, முன்சக்கரம் மாட்டிக்கொண்டு, லெனின்கிராடுக்கு மேலே வட்டமடித்து வட்டமடித்து இன்ஜின் இரண்டும் நின்று, பாலங்களுக்கு நடுவே நேவா ஆற்றில் இறங்கியதாம். ஒரு இழுவைப் படகு வந்து கரைக்கு இழுத்துப் போனது. உள்ளே இருந்த 52 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நியூயார்க்கில் ஹட்ஸன் ஆற்றில் இறங்கினார்களே 2009-ல், சினிமாகூட எடுத்தார்களே, அதற்கு 46 வருஷம் முன்பு.

கால்பந்துக்காக வந்தவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. "பாக்தகோர் தெரியுமா?" என்றார். தாஷ்கென்ட் டீம். 1979 ஆகஸ்ட் 11. மின்ஸ்க் நகரத்துக்கு மேட்ச் ஆடப் போய்க்கொண்டிருந்தார்கள். உக்ரைனில் த்னிப்ரோஜெர்ஜின்ஸ்க் நகருக்கு மேலே மேகத்துக்குள் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. இரண்டுமே டியு-134. உயரத்தை மாற்றச் சொல்லித் தரையிலிருந்து உத்தரவு போயிருக்கிறது. வேறொரு விமானத்திலிருந்து அரைகுறையாக வந்த பதிலை, இவர்கள் பதில் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டுவிட்டார். 178 பேர். அதில் டீமைச் சேர்ந்தவர்கள் 17.

"விமானத்து மேல என்ன தப்பு?" என்றார் தேதா.

அதுதான் அவர் கட்சி. அதற்கு ஆதாரமாக அவர் சொன்னது, நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து பஸ் தூரத்தில் நடந்தது. சமாராவுக்கு அன்றைக்குப் பெயர் குய்பிஷெவ். 1986 அக்டோபர் 20. ஒரு டியு-134 இறங்க வேண்டும். கேப்டனுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு, வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து இறக்கிக் காட்டுகிறேன் பார் என்று துணை பைலட்டிடம் பந்தயம் கட்டினார். பின்னால் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள். எச்சரிக்கை மணி அடித்தும் கேட்கவில்லை. விமானம் வேகமாக வந்து மோதிப் புரண்டு தீப்பிடித்தது. 94 பேரில் 70 பேர் போய்விட்டார்கள். கேப்டன் பிழைத்தார். பதினைந்து வருஷம் தண்டனை, ஆறு வருஷத்தில் வெளியே வந்துவிட்டார். இதற்கு முந்தின நாள்தான், மொசாம்பிக் அதிபர் சமோரா மச்சேல் போன டியு-134, தென்னாப்பிரிக்க மலையில் மோதி, அவரும் முப்பதுக்கு மேற்பட்டவர்களும் இறந்திருந்தார்கள். தேதா அந்த வாரம் லீவு போட்டுவிட்டுப் படுத்துவிட்டாராம். வாழ்க்கையில் அந்த ஒரு லீவுதான் பொய் லீவு என்றார். (நான் பேச்சை மாற்றினேன். நான் ரஷ்யா வந்ததே மெடிக்கல் லீவில்.)

கண்ணாடி மூக்கை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பையன் முந்திக்கொண்டு சொன்னான். பிற்பாடு வந்த டியு-134பி மாடலில் கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே ரேடார் வைத்தார்கள். நாவிகேட்டர் ஸீட்டே கிடையாது. அப்புறம் எல்லா விமானத்திலும் கம்ப்யூட்டர். அவன் இந்த ஊரிலேயே உள்ள விமானக் கல்லூரியில் பைலட்டுக்குப் படிக்கிறான். சூப்பர்ஜெட் ஓட்ட ஆசை. டியு-134-க்கு வாரிசாக டியு-334 என்று ஒன்றை டுபலேவ் கம்பெனியே கட்டியது. இரண்டே இரண்டு விமானத்தோடு நின்றுபோனது. அந்த இடத்துக்கு 2011-ல் வந்ததுதான் சூப்பர்ஜெட். காக்பிட்டில் இரண்டே பேர்.

எங்கள் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் ஒரு அம்மாள் இருந்தார். ஐந்நூறு நம்பர் மனப்பாடம். புது எக்ஸ்சேஞ்ச் வந்த அன்று அவரை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். ரிடையர் ஆகும்வரை, போன் மணி அடித்தால் ரெக்கார்டு ரூமிலிருந்து தலை நிமிரும். அவர் ஞாபகம் வந்தது.

"அப்ப 2011?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பையன் மொழிபெயர்க்காமல் நின்றான். தேதா என்ன கேட்டான், என்ன கேட்டான் என்று அவன் முழங்கையை இடித்தார்.

2011 ஜூன் 20 இரவு. மாஸ்கோவிலிருந்து பெத்ரோசவோத்ஸ்க் போன டியு-134, பனிமூட்டத்தில் ரன்வேயை எட்டும் முன்பே மரங்களில் மோதி ரோட்டில் விழுந்தது. 52 பேரில் 47 பேர் இறந்தார்கள். அன்றைய அதிபர் மெத்வெதேவ், இந்த விமானங்களை வழக்கமான சேவையிலிருந்து விலக்கச் சொன்னார். டியு-134-ன் கதை முடிந்தது அங்கேதான். விசாரணை அறிக்கை வந்தது. கேப்டன், தரை கண்ணில் படாமலே கீழே இறங்கிக்கொண்டு போயிருக்கிறார். நாவிகேட்டர் சொன்னதையே நம்பி இறங்கியிருக்கிறார். நாவிகேட்டர் லேசாகக் குடித்திருந்தார்.

தேதா ரொம்ப நேரம் பேசவில்லை. புல்லை ஷூவால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையனிடம் மெதுவாக எதையோ சொன்னார். பையன் என்னிடம், "எழுதறதா இருந்தா அதையும் எழுதிக்கச் சொல்றார்" என்றான். "கேப்டன் திரை போட்டதை எழுதினா, எங்க ஆளு குடிச்சதையும் எழுதணும். விமானத்து மேல தப்பு இல்லேன்னுதான் அவர் சொல்றார். எங்க மேல இல்லேன்னு சொல்லலை."

எழுதிவிட்டேன்.

மதியம் டூரிஸ்ட் கோஷ்டி ஒன்று வந்ததும் ஏணி வைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே பக்கத்துக்கு இரண்டிரண்டாக ஸீட்கள், நம்மூர் டீலக்ஸ் பஸ் மாதிரி. பழைய ரெக்ஸின் வாசனை. தேதா ஒவ்வொரு ஸீட் முதுகையும் தொட்டுக்கொண்டே முன்னால் போனார். பைலட் ஸீட்களுக்கு நடுவே குனிந்து, தவழ்ந்துதான் மூக்குக்குள் போக வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை. குனிந்து பார்த்தார், முடியவில்லை. பேரன் ஆறடி மூன்றங்குலம். அவனும் முடியாது என்று கையை விரித்தான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐந்தடி நாலங்குலம். வாழ்க்கையில் முதல் முறையாக அது ஒரு தகுதியாக ஆனது.

தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். ஸீட் சின்னது, குளிர்ந்து கிடந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. காலடியிலும் கண்ணாடி. நின்றுகொண்டிருக்கும் விமானம்தான், தெரியும். இருந்தாலும் வயிற்றில் ஏதோ புரண்டது. முன்னால் தடுப்பு எதுவுமே இல்லை. பின்னால் 76 பேர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரையும்விட நாம்தான் முன்னால் என்று ஒரு நினைப்பு.

பின்னாலிருந்து குரல். பையன் அதை மொழிபெயர்த்தான்.

"என்ன தெரியுதுன்னு கேட்கறார்."

"புல்" என்றேன்.

தேதா ஏதோ கத்தினார். கோஷ்டி முழுக்கச் சிரித்தது.

"புல்லா? ரன்வே தெரியணுமே, நீ எங்கே கொண்டு போறேன்னு கேட்கறார்."

அப்புறம் அவர் பேச, பையன் சொல்ல, இடது கைப் பக்கம் எது இருக்கும், மேப்பை எங்கே செருகுவார், டீ கிளாஸை எங்கே வைத்தால் கவிழாது என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தேன். டீ கிளாஸ் வைத்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும் பார் என்றார். அவர் பறந்த விமானம் இது இல்லை. ஆனாலும் தடவிப் பார்த்தேன். இருந்தது. வேறு எவனோ ஒருத்தனுடைய டீ.

வெளியே வந்ததும் விமான நிலைய வாசலில் குவாஸ் என்கிற பானத்தை வாங்கிக் கொடுத்தார்கள். பழைய சோற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பணம் கொடுக்க விடவில்லை. மார்ஷ்ரூத்கா வந்தது.

அடுத்த வருஷம், 2019 மே மாதம், ரஷ்யாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த கடைசி டியு-134-ஐயும் நிறுத்திவிட்டார்கள். சைபீரியாவில் அல்ரோசா கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்தது. செய்தியைப் பார்த்ததும் பையனுக்கு மெஸேஜ் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. தேதா டி.வி.யில் பார்த்தாராம். கேமராக்காரன் முழு விமானத்தையும் காட்டினான், மூக்கைச் சரியாகக் காட்டவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறாராம்.